வாசகர் கேள்விகள்: பேஸ்பேண்ட் என்றால் தாழ்ந்த அலை என்று யார் சொன்னது?

ரேடியோ பற்றி இந்தப் பகுதியில் எழுதும்போதெல்லாம் ஆன்டெனா, டவர், ஊர்தி அலை (தகவலைச் சுமந்து போகிற கேரியர் அலை) என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை பலர் பேஸ்பேண்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பாடத்தில் ஒரே ஒரு பத்தியில் வந்துவிட்டுப் போகிற விஷயம் இது, ஆனால் தகவல் தொடர்பில் மூளையைக் கசக்கும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பேஸ்பேண்ட் சிக்னல் என்றால் குறைந்த அதிர்வெண் கொண்ட சிக்னல் என்று குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் எத்தனை ஹெர்ட்ஸ் வரை பேஸ்பேண்ட்? எல்லை எங்கே இருக்கிறது? (பொறியியல் முதலாண்டு மாணவி)

எண்ணால் எல்லை போட முடியாது, அதனால்தான் அந்தக் குறிப்பு உங்களைக் குழப்புகிறது. ஒரு சிக்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து அதை பேஸ்பேண்ட் என்று சொல்வதில்லை. அது பிறந்த இடத்திலேயே இருக்கிறதா, வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மைக் முன்னால் நீங்கள் பேசுகிறீர்கள், காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது, அதே ஏற்ற இறக்கம் வயரில் மின்னழுத்தமாக வருகிறது. அதை இன்னும் யாரும் தொடவில்லை, அதுதான் பேஸ்பேண்ட். பாடப்புத்தகத்தில் அடிக்கற்றை சைகை என்று வருவதும் இதுவே. அதன் அதிர்வெண்கள் பூஜ்ஜியத்தை ஒட்டி ஆரம்பித்து ஏதோ ஓர் உச்சம் வரை போகும். தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ், இசைக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், பழைய 'பி.ஏ.எல்.' (PAL) முறை டி.வி. படத்துக்கு ஏறக்குறைய 5 மெகாஹெர்ட்ஸ் வரை.

இப்போது இரண்டு உதாரணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி.வி. ஸ்டுடியோவில் கேமராவிலிருந்து எஸ்.டி.ஐ. கேபிளில் எச்.டி. படம் நொடிக்கு 1.485 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது, அதற்கு நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் அகலம் (பேண்ட்விட்த், அதாவது அதிர்வெண்களில் அது பிடிக்கிற இடம்) வேண்டும், அப்போதும் அது பேஸ்பேண்ட்தான், ஸ்டுடியோ ஆட்களே அதை பேஸ்பேண்ட் வீடியோ என்றுதான் சொல்வார்கள். மறுபக்கம் 600 கிலோஹெர்ட்ஸில் வருகிற மீடியம் வேவ் ரேடியோ, அதிர்வெண்ணில் இதைவிட எவ்வளவோ கீழே இருக்கிறது, ஆனால் அது பேஸ்பேண்ட் இல்லை. அதில் இருக்கிற குரல் தன் இடத்தைவிட்டு 600 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் வைக்கப்பட்டிருக்கிறது. தேர்வில் 'பூஜ்ஜியத்தை ஒட்டித் தொடங்கும், ஊர்தி அலையில் ஏற்றப்படாத மூலச் சிக்னல்' என்று எழுதுங்கள், மதிப்பெண்ணும் வரும், புரிதலும் சரியாக இருக்கும்.

கேள்வி: பேஸ்பேண்ட் சிக்னலையே ஆன்டெனாவில் கொடுத்து அனுப்பினால் என்ன? எதற்கு ஊர்தி அலை, பண்பேற்றம் (சிக்னலை ஊர்தி அலையில் ஏற்றுவது) என்று இவ்வளவு சுற்றல்?

எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் ஆன்டெனாவின் நீளம், அது சரியான காரணம்தான். ஆன்டெனா அலைநீளத்தில் கால் பங்காவது இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும். 3 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 100 கிலோமீட்டர், கால் பங்கு 25 கிலோமீட்டர். 300 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கால் பங்கே 250 கிலோமீட்டர். இந்த அளவுக்குக் கீழ் அதிர்வெண்ணில் ரேடியோ அனுப்பியவர்கள் இல்லாமலும் இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப அமெரிக்கக் கடற்படை 76 ஹெர்ட்ஸில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது, பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு வயர் இழுத்து, பூமியையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாக்கி, அவ்வளவும் செய்து அலையாக வெளியே போனது சில வாட் மட்டும்தான். 2004-இல் அதை மூடிவிட்டார்கள்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. குரலில் 3,400 ஹெர்ட்ஸ் என்பது 300 ஹெர்ட்ஸைப் போலப் பதினோரு மடங்குக்கு மேல். ஒரே ஆன்டெனா இந்த இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒத்துழைக்காது. 25 கிலோமீட்டர் கம்பி கட்டினாலும் குரலின் மேல்பகுதி நன்றாகப் போகும், அடிப்பகுதி போகாது. பண்பேற்றம் இங்கேதான் ஒரு வேலை செய்கிறது. பாட்டைச் சுருதி கூட்டிப் பாடும்போது எல்லா ஸ்வரமும் ஒரே விகிதத்தில் பெருகும், அதனால் ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் உறவு மாறாது, பண்பேற்றம் அப்படி இல்லை, அது கூட்டல் கணக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் ஊர்தியில் ஏற்றினால் 300 ஹெர்ட்ஸ் 10,00,00,300 ஆகிறது, 3,400 ஹெர்ட்ஸ் 10,00,03,400 ஆகிறது. பதினோரு மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விட்டது, ஆன்டெனாவுக்கு இரண்டும் ஒன்றுதான், 75 சென்டிமீட்டர் கம்பி போதும். அப்புறம், ஆளாளுக்கு வேறு வேறு ஊர்தி எடுத்துக்கொண்டால் ஒருவர் சிக்னல் இன்னொருவர் மேல் விழாது என்பது கூடுதல் லாபம். எல்லாரும் பேஸ்பேண்டிலேயே அனுப்பினால் எல்லார் குரலும் ஒரே இடத்தில் வந்து விழும், பிரித்தெடுக்க வழியே இருக்காது.

கேள்வி: நெட்வொர்க் கேபிள், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் 10பேஸ்-டி, 100பேஸ்-டிஎக்ஸ், 1000பேஸ்-டி என்று போட்டிருக்கிறதே, அந்த 'பேஸ்' இந்த பேஸ்பேண்ட்தானா?

அதேதான். கேபிளில் ஊர்தி அலை கிடையாது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே தகவல். முன்பு 10பிராட்36 என்று ஒன்றும் இருந்தது, அது கேபிள் டி.வி. மாதிரி ஊர்தியில் ஏற்றி அனுப்பும் வகை, நிலைக்கவில்லை.

'1 என்றால் வோல்டேஜ் உண்டு, 0 என்றால் இல்லை' என்று அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒவ்வொரு ஈதர்நெட் போர்ட்டிலும் பாதுகாப்புக்காக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, மாறாத மின்னழுத்தம் அதைத் தாண்டாது. தொடர்ந்து நூறு 1 வந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் அளவு மெல்ல மெல்லப் பூஜ்ஜியத்துக்குச் சரிந்துவிடும். இன்னொன்று, வாங்குகிற பக்கத்துக்குத் தனியாக கடிகார வயர் கிடையாது, சிக்னலில் வருகிற மாற்றங்களைப் பார்த்துத்தான் அது நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது, மாற்றமே இல்லாவிட்டால் எத்தனை பிட் போனது என்பதே தெரியாது.

10 மெகாபிட் காலத்தில் மான்செஸ்டர் குறியீடு என்று ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்கள். ஒவ்வொரு பிட்டின் நட்ட நடுவிலும் கட்டாயம் ஒரு தாவல், மேலிருந்து கீழே வந்தால் ஒரு மதிப்பு, கீழிருந்து மேலே போனால் மற்றது. சராசரி எப்போதும் பூஜ்ஜியம், கடிகாரமும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரண்டு மடங்கு அகலம் சாப்பிடும், அதனால் 100 மெகாபிட்டுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 100பேஸ்-டிஎக்ஸில் 4 பிட்டை 5 பிட்டாக மாற்றி, கலைத்து, கூட்டல், பூஜ்ஜியம், கழித்தல் என்று மூன்று நிலைகளில் அனுப்புகிறார்கள். நொடிக்கு 12.5 கோடி குறிகள் போகின்றன, ஆனால் ஒரு முழுச் சுற்று முடிய நான்கு தாவல் தேவைப்படுவதால் அடிப்படை அதிர்வெண் 31.25 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. 1000பேஸ்-டி-யிலும் அதே 12.5 கோடி குறிகள்தான், ஆனால் ஐந்து நிலைகள், நான்கு ஜோடி வயர், அதிலும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் போக்குவரத்து. தான் அனுப்பியது தனக்கே எதிரொலித்து வருவதைக் கழித்துவிட்டு எதிர்ப்பக்கத்துச் சிக்னலை மட்டும் எடுக்கிறார்கள். சாதாரணச் செம்புக் கம்பியிலிருந்து இவ்வளவு கறந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: வயரில் அனுப்பினால் ஆன்டெனா தொல்லை இல்லை. அப்படியானால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பேஸ்பேண்டிலேயே அனுப்பலாமா?

முடியாது, இதை உலகம் ஒரு பெரிய நஷ்டத்தில் தெரிந்துகொண்டது. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கேபிளைப் போட்டு முடித்தார்கள். தந்தி என்பது அப்பட்டமான பேஸ்பேண்ட், மின்சாரம் உண்டு, இல்லை, அவ்வளவுதான். விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. மின்சாரம் மெதுவாகப் போனதாக இதற்கு அர்த்தமில்லை. நீளமான கேபிள் ஒரு பெரிய மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும், இந்தப் பக்கம் கூர்மையாகக் கொடுத்த துடிப்பு அந்தப் பக்கம் இழுபட்டு, பரந்து, வாலோடு வரும். அந்த வால் அடங்குவதற்குள் அடுத்த துடிப்பை அனுப்பினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எது எது என்று தெரியாமல் போய்விடும், அதனால் காத்திருந்து காத்திருந்து அனுப்ப வேண்டியிருந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் இதை முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார், நீளம் இரண்டு மடங்கானால் இந்த இழுவை நான்கு மடங்காகும் என்று. கேபிளுக்குப் பொறுப்பாக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை, சிக்னல் பலவீனமாக இருந்தால் வோல்டேஜை ஏற்று என்று சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். ஏற்கெனவே சுகமில்லாமல் இருந்த கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது. 1866-இல் தடித்த செம்பும் நல்ல காப்பும் போட்டுத்தான் நிலையான இணைப்பு கிடைத்தது.

சத்தத்தைக் கூட்டினால் தெளிவு வராது, அகலம் வேண்டும். 1920களில் ஹாரி நைக்விஸ்ட் இதைக் கச்சிதமாகச் சொன்னார்: ஒரு வழித்தடத்தின் அகலம் எத்தனை ஹெர்ட்ஸோ, அதைப் போல இரண்டு மடங்கு துடிப்புகளைத்தான் ஒரு நொடியில் ஒன்றோடொன்று மோதாமல் அனுப்ப முடியும். இதில் ஒரு அழகு இருக்கிறது. துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமலே இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, நாம் அளவெடுக்கிற அந்தக் கணத்தில் மட்டும் மற்றத் துடிப்புகள் எல்லாம் பூஜ்ஜியத்தைக் கடந்துகொண்டிருந்தால் போதும். அப்படிப் பார்த்துத்தான் துடிப்பின் வடிவத்தையே செதுக்குகிறார்கள். ஆசிலாஸ்கோப்பில் ஆயிரக்கணக்கான துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக வரைய விட்டால் நடுவில் கண் மாதிரி ஒரு இடைவெளி தெரியும். கண் அகலத் திறந்திருந்தால் லைன் ஆரோக்கியம், கண் சுருங்கினால் பிட் தப்பும். வேறு எந்த அளவையும் பார்க்காமல் அந்த ஒரு படத்தை வைத்தே வயர் சரியா, நேரம் ஆடுகிறதா, இரைச்சல் கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: 5ஜி வேகமாக இருப்பதற்கு அது அதிக அதிர்வெண்ணில் போவதுதானே காரணம்?

இல்லை, இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது, விடாமல் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது ஊர்தியின் உயரம் இல்லை, அதில் ஏறுகிற பேஸ்பேண்டின் அகலமும் இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு நிற்கிறது என்பதும்தான். ஒரு வழித்தடத்தில் அதிகபட்சம் எவ்வளவு தகவல் போகும் என்பதற்கு 1948-இல் கிளாட் ஷானன் கொடுத்த சூத்திரத்தில் ஊர்தி அதிர்வெண்ணுக்கு இடமே கிடையாது. சிக்னல் இரைச்சலைப் போல 100 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்சம் நொடிக்குச் சுமார் 133 மெகாபிட். பவரை மட்டும் இரண்டு மடங்காக்கினால் 153 ஆகும். பவரை அப்படியே வைத்து அகலத்தை இரண்டு மடங்காக்கினால், இரைச்சலும் இரண்டு மடங்கு உள்ளே வந்தாலும்கூட, சுமார் 227 ஆகும். 4ஜி-யில் ஒரு சேனலின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ், 5ஜி-யில் 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே 100, மில்லிமீட்டர் அலைகளில் 400 வரை. மேலே போகப் போகக் காலி இடம் நிறைய இருக்கிறது, அவ்வளவு அகலமான சிக்னலை அங்கேதான் வைக்க முடியும். உயரே போவதற்கான காரணம் அந்த இடம்தான்.

கேள்வி: போன் ரிப்பேர் செய்கிறேன். சில போன்கள் 'பேஸ்பேண்ட் அன்னோன்' என்று காட்டிக்கொண்டு வருகின்றன, சிம் எடுப்பதில்லை, வைஃபை மட்டும் வேலை செய்கிறது. உள்ளே உண்மையில் என்ன நடந்திருக்கிறது?

போனுக்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொடுகிற, ஆப் ஓடுகிற ஒன்று. நெட்வொர்க்குடன் பேசுவதற்கு மட்டும் இன்னொன்று, அதுதான் பேஸ்பேண்ட் பிராசசர், மோடம் என்றும் சொல்வோம். பல போன்களில் இரண்டும் ஒரே சிப்புக்குள் இருக்கும், ஆனாலும் வேலையும் சாஃப்ட்வேரும் தனித்தனி. ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றால் நேரம். 4ஜி-யில் டவரிலிருந்து ஒரு தகவல் துண்டு வந்தால் சரியாக 4 மில்லிசெகண்ட் கழித்து 'வந்தது' அல்லது 'கெட்டுப்போனது' என்று பதில் போயாக வேண்டும். நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆண்ட்ராய்டு ஒரு கணம் திணறலாம், இது திணறவே கூடாது, அதனால் தனி ரியல் டைம் சாஃப்ட்வேர் அதில் ஓடுகிறது. செட்டிங்ஸில் 'பேஸ்பேண்ட் வெர்ஷன்' என்று தெரிவது அந்த சாஃப்ட்வேரின் பதிப்பு எண். ஆண்ட்ராய்டு அதைக் கேட்டு, மறுபக்கத்திலிருந்து பதிலே வராவிட்டால் 'அன்னோன்' என்று காட்டுகிறது. வைஃபை வேறு சுற்று என்பதால் அது பாட்டுக்கு ஓடும்.

ஆக அந்த வார்த்தையை வைத்து சிப் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மோடம் எழுந்திருக்கவில்லை என்பது மட்டும்தான் உறுதி. மாடலுக்குப் பொருந்தாத ரோம் (போனின் சிஸ்டம் சாஃப்ட்வேர்) போட்டதாலா, மோடம் ஃபர்ம்வேர் கெட்டதாலா, ரேடியோ அளவீடுகள் இருக்கிற பார்ட்டிஷன் அழிந்ததாலா என்று முதலில் பாருங்கள், அந்த மாடலுக்கே உரிய முழு ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்த்துவிட்டு, அதற்கும் அசையாவிட்டால்தான் போர்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் மோடத்துக்கு வரும் பவர் லைன்கள் எல்லாம் வருகின்றனவா, ஷார்ட் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் சூடு காட்ட வேண்டும். கீழே விழுந்த போன் என்றால் சிப்புக்கு அடியில் சால்டர் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த அளவீட்டு பார்ட்டிஷன் ஒவ்வொரு போனுக்கும் தொழிற்சாலையில் தனியாக எழுதப்பட்டது, வேறு போனிலிருந்து எடுத்துப் போட்டால் பேஸ்பேண்ட் வந்துவிட்ட மாதிரி தெரியும், ஆனால் சிக்னல் ஏனோதானோ என்று இருக்கும். இன்னொரு போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் அடையாள எண்) எழுதுவது பல நாடுகளில் குற்றமும்கூட, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாடிக்கையாளர்களிடம் சாஃப்ட்வேர் அப்டேட் போடச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு சாம்சங்கின் எக்ஸினாஸ் மோடம்களில் 18 பாதுகாப்புக் குறைகளைக் கண்டதாக அறிவித்தது, அவற்றில் நான்கு மிக மோசம், போன் நம்பர் தெரிந்தாலே போதும், பயனர் எதையும் தொடாமலே பேஸ்பேண்டுக்குள் நுழைய முடியும். வைரஸ் என்றால் ஆப்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது கம்ப்யூட்டர் கண்ணிலேயே படுவதில்லை.

கேள்வி: சாஃப்ட்வேர் ரேடியோ (ரிசீவரின் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வது) பற்றிப் படித்தால் எங்கே பார்த்தாலும் ஐ, க்யூ என்று இரண்டு ஓடைகள் வருகின்றன. ஒரு சிக்னலுக்கு எதற்கு இரண்டு? கலப்பெண், எதிர்மறை அதிர்வெண் என்று ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது.

கலப்பெண்ணைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்கு ரிசீவரை வைத்திருக்கிறீர்கள். அதற்குச் சரியாக 10 கிலோஹெர்ட்ஸ் மேலே ஒரு நிலையம், 10 கிலோஹெர்ட்ஸ் கீழே ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். வருகிற சிக்னலை ரிசீவர் தன்னுடைய 100 மெகாஹெர்ட்ஸ் அலையால் பெருக்குகிறது, வித்தியாசம்தான் கீழே பேஸ்பேண்டாக இறங்கும். மேலே இருந்தவரும் 10 கிலோஹெர்ட்ஸாக இறங்குகிறார், கீழே இருந்தவரும் 10 கிலோஹெர்ட்ஸாகவே இறங்குகிறார். இருவரும் ஒரே இடத்தில் விழுந்துவிட்டார்கள், இனி பிரிக்கவே முடியாது.

இப்போது அதே சிக்னலை இன்னொரு முறை, கால் சுற்று தள்ளிவைத்த 100 மெகாஹெர்ட்ஸ் அலையால் பெருக்குகிறோம். முதல் பெருக்கலில் வந்தது ஐ, இரண்டாவதில் வந்தது க்யூ. இரண்டிலும் 10 கிலோஹெர்ட்ஸ்தான் தெரியும், ஆனால் மேலே இருந்த நிலையத்துக்கு ஒன்று மற்றதற்குக் கால் சுற்று முந்தி வரும், கீழே இருந்த நிலையத்துக்கு அதே ஒன்று கால் சுற்று பிந்தி வரும். யார் முந்துகிறார் என்று பார்த்தால் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது தெரிந்துவிடும். எதிர்மறை அதிர்வெண் என்று பயமுறுத்துகிறார்களே, அது இந்த முந்துதல் பிந்துதல்தான்: ஊர்திக்கு மேல்பக்கம் கூட்டல், கீழ்ப்பக்கம் கழித்தல். ஐ-யைக் கிடைக்கோட்டிலும் க்யூ-வைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்துப் புள்ளி போட்டுக்கொண்டே போனால் ஒரு நிலையம் இடஞ்சுழியாகச் சுற்றும், மற்றது வலஞ்சுழியாகச் சுற்றும். இதைத் தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் கலப்பெண் என்பது இரண்டு எண்களைச் சேர்த்து எழுதுகிற சௌகரியம் மட்டுமே என்று தோன்றும்.

ஒரு கூடுதல் தகவல். இப்படி நேராகப் பூஜ்ஜியத்துக்கு இறக்குகிற ரிசீவர்களில் அதன் சொந்த அலையே கொஞ்சம் கசிந்து உள்ளே திரும்பி வந்து, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, பட்டையின் நட்டநடுவில் ஒரு பொய்யான முள்ளாக நிற்கும். அங்கே நிலையம் எதுவும் இருக்காது. இது தவிர்க்க முடியாத தொல்லை என்று தெரிந்துதான் எல்.டி.இ. என்ற 4ஜி முறையை வகுத்தவர்கள், சிக்னலைப் பல சின்னத் துணை ஊர்திகளில் பிரித்து ஏற்றும்போது, டவரிலிருந்து போனுக்கு வருகிற திசையில் நடுத் துணை ஊர்தியைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். போன்களின் ரிசீவர் எப்படி இருக்கும் என்பதை நினைத்து அலையை வடிவமைத்திருக்கிறார்கள், அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: மொபைல் டவரில் மேலே பெட்டி, கீழே பெட்டி, நடுவில் ஃபைபர். எது பேஸ்பேண்ட் யூனிட்?

கீழே இருப்பது பி.பி.யூ., அதாவது பேஸ்பேண்ட் யூனிட், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருப்பது ஆர்.ஆர்.யூ. என்ற ரேடியோ பெட்டி. முன்பெல்லாம் ரேடியோவும் கீழேயே இருக்கும், தடித்த கோஆக்சியல் கேபிள் மேலே ஏறும், 2 கிகாஹெர்ட்ஸில் 50 மீட்டர் ஏறுவதற்குள் ஏறத்தாழ பாதி பவர் சூடாகவே வீணாகிவிடும். இப்போது பேஸ்பேண்டை எண்களாகவே ஃபைபரில் மேலே ஏற்றி, அங்கே போய்தான் ரேடியோவாக மாற்றுகிறார்கள்.

இதில் எவ்வளவு எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் எல்.டி.இ. என்றால் நொடிக்கு 3.072 கோடி மாதிரிகள் (சாம்பிள், அந்தந்தக் கணத்தில் எடுத்த அளவு), ஒவ்வொன்றிலும் ஐ-க்கு 15 பிட், க்யூ-வுக்கு 15 பிட். பெருக்கினால் 921.6 மெகாபிட். கட்டுப்பாட்டுத் தகவலும் லைன் குறியீடும் சேர்ந்தால் 1,228.8 மெகாபிட், அதுவும் ஒரே ஒரு ஆன்டெனாவுக்கு. அந்த ஆன்டெனா வழியாகப் பயனர்களுக்குப் போய்ச் சேருகிற தகவலோ 100 மெகாபிட்டைத் தொடுவதே பெரிய விஷயம். யாருமே போன் பேசாத நடுராத்திரியிலும் அந்த 1,228.8 குறையாது, வெறுமையையும் மாதிரி எடுத்து அனுப்பியாக வேண்டும். 5ஜி-யில் 100 மெகாஹெர்ட்ஸ், 64 ஆன்டெனா என்று வந்ததும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல் போனது, அதனால் பேஸ்பேண்ட் வேலையில் ஒரு பகுதியை மேலே இருக்கிற ரேடியோ பெட்டிக்கே தள்ளிவிட்டார்கள். மேலே ஏறும் பெட்டிகள் கனமாகிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 10ஜிபேஸ்-எஸ்ஆர் என்று ஃபைபருக்கும் 'பேஸ்' போடுகிறார்களே? ஒளி ஒரு ஊர்தி அலை இல்லையா?

ஊர்திதான், 850 நானோமீட்டர் ஒளிக்கு அதிர்வெண் சுமார் 353 டெராஹெர்ட்ஸ். ஆனால் இங்கே ஒளியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பதோடு சரி, அந்தப் பக்கம் ஒளியை மின்சாரமாக்கும் போட்டோடையோடு பிரகாசத்தை மட்டும் பார்த்து நேராக பேஸ்பேண்டைக் கையில் கொடுத்துவிடும், ஒளி என்ற அலை அதன் கண்ணுக்கே தெரியாது. அதனால் எலக்ட்ரானிக்ஸ் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அது வயர் மாதிரியேதான். நீண்ட தூரக் கடலடி ஃபைபர்களில் கதை வேறு, அங்கே ஒளிக்கே ஐ, க்யூ எடுக்கிறார்கள்.

கேள்வி: படித்தது போதும், ஒரு பேஸ்பேண்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெரிய கருவி எதுவும் இல்லாமல் முடியுமா?

முடியும், எஃப்.எம். ஸ்டீரியோ நிலையம் ஒன்றும், டி.வி. பார்ப்பதற்காக வந்து பின்னர் ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர். என்று பெயர் வாங்கிய யு.எஸ்.பி. டாங்கிள் ஒன்றும் போதும். சாஃப்ட்வேரில் அந்த நிலையத்தைப் பிடித்து, எஃப்.எம். பண்பிறக்கம் (ஊர்தியிலிருந்து சிக்னலை இறக்குவது) செய்து, ஸ்பீக்கருக்குப் போவதற்கு முன்னால் கிடைப்பதை அப்படியே அலைமாலையாக (ஸ்பெக்ட்ரம்) போட்டுப் பாருங்கள். பல சாஃப்ட்வேர்களில் இதற்கு எம்.பி.எக்ஸ். என்று பெயர் இருக்கும்.

பூஜ்ஜியத்திலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் வரை பாட்டு, இடது வலது இரண்டும் கூட்டினது. அப்புறம் கொஞ்சம் வெற்றிடம், நடுவில் 19 கிலோஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒற்றைக் கோடு, அது பைலட். 23-இலிருந்து 53 வரை இரண்டு சிறகு மாதிரி விரிந்து இருப்பது இடதிலிருந்து வலதைக் கழித்த வித்தியாசம், அது 38 கிலோஹெர்ட்ஸில் ஏற்றப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த 38-ஐ அனுப்புவதில்லை, ரிசீவர் 19-ஐ இரட்டித்துத் தானே செய்துகொள்ளும். 57-இல், அதாவது பைலட்டின் மூன்று மடங்கில், சின்ன மேடு தெரிந்தால் நிலையத்தின் பெயரை அனுப்பும் ஆர்.டி.எஸ். அது. அமெரிக்காவில் 1961-இல் ஒப்புதல் பெற்ற இந்த ஏற்பாட்டில், முந்தைய மோனோ ரேடியோக்கள் 15 கிலோஹெர்ட்ஸ் வரை இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு எதுவும் மாறாதது மாதிரி பாடின, ஒரு ரேடியோவையும் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. ஒரு பேஸ்பேண்டுக்குள்ளேயே இன்னொரு ஊர்தி, அதற்குள் இன்னொரு பேஸ்பேண்ட் என்று அடுக்கி வைத்திருப்பது பாடப்புத்தகப் படத்தைவிட இதில் நன்றாகத் தெரியும். பேச்சு மட்டும் வரும்போது பாருங்கள், இரண்டு சேனலிலும் ஒரே குரல் என்பதால் அந்தச் சிறகுகள் கிட்டத்தட்ட மறைந்துவிடும், பாட்டு ஆரம்பித்ததும் திரும்ப எழும்பும்.

ஐ, க்யூ பற்றிக் கேட்டவரும் இதே டாங்கிளில் இன்னும் எதுவும் செய்யாத மூல மாதிரிகளை ஒரு கோப்பில் சேமித்துத் திறந்து பாருங்கள். ஒரு பைட் ஐ, அடுத்த பைட் க்யூ, இப்படி மாறி மாறி வரும், 0 முதல் 255 வரை எண்கள், பூஜ்ஜிய நிலை 127-க்கும் 128-க்கும் நடுவில். நொடிக்கு 24 லட்சம் மாதிரி எடுத்தால் 48 லட்சம் பைட் சேரும், அதனால் முதலில் ஓரிரு நொடிகளுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பைட்டிலிருந்தும் 127.5-ஐக் கழித்துவிட்டு ஜோடி ஜோடியாகப் புள்ளி வைத்தால் எஃப்.எம். நிலையம் ஒரு வளையமாக வரும், ஏனென்றால் அதில் வீச்சு மாறுவதே இல்லை, சுற்றுகிற வேகம் மட்டும்தான் மாறுகிறது. வளையம் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் அது மேலே சொன்ன கசிவு, முட்டை வடிவமாக இருந்தால் ஐ-யும் க்யூ-வும் சமமாகப் பெருக்கப்படவில்லை என்று அர்த்தம்.